கூரியரில் வந்த அளவு ஜாக்கெட்

“இன்னாமே, செல்லுலேர்ந்து பணம் கொட்டுதாமே? கீழ ஒரு குண்டான் வெச்சிக்க. சிந்திடப் போவுது.”

பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டபோது அவள் இடுப்பில் மீன் கூடை இருந்தது, என் கையில் போன் இருந்தது. புதுப்பட்டினத்தில் எங்கள் தெரு குறுகல். ஒருத்தி கிண்டல் செய்தால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். ஆறு வீடும் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? அன்றைக்குக் காலையில்தான், வீட்டிலிருந்தபடியே டைப்பிங் வேலை என்று இனிக்க இனிக்கப் பேசிய ஒரு ஆளுக்குப் பதிவுக் கட்டணம் அனுப்பியிருந்தேன். கேஸ் சிலிண்டருக்காக எடுத்து வைத்த பணம். மத்தியானத்துக்குள் அந்த நம்பர் செத்துப்போனது. நான் வாசப்படியில் உட்கார்ந்து அதே நம்பருக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு இருந்தது ஆறு மாசம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவள் ஏன் இப்படி அவசரப்பட்டாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகள். முதலில் மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்தேன். அப்புறம், உனக்குக் கண் நல்ல கூர்மை என்று பாராட்டி செக்கிங்கில் போட்டார்கள். பாராட்டில்தான் வினை. செக்கிங் என்றால் மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டும். விடியும் முன்னே தெருமுனைக்கு வரும் வேனில் ஏறிப் போய் நின்றால், சாயந்தரம் வேன் ஏறும்வரை நிற்பதுதான். காலில் நரம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்துக்கொண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன வேலைம்மா பாக்கறீங்க?”

“நிக்கற வேலைங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிக்காமல் சொன்னார்: “இனிமே உக்கார்ற வேலையா பாருங்க. இல்லன்னா இது புண்ணாயிடும். அப்புறம் ஆறாது.”

என் வீட்டுக்காரர் பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் காண்டிராக்டில் தோட்ட வேலை செய்கிறார். அவருடைய அம்மா அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பிடுங்கிச் சாப்பிட்டவர்கள். என் பிறந்த வீட்டிலும் அதே கதைதான். உட்கார்ந்து சம்பாதித்தவர் என்று இரண்டு வீட்டிலும் ஒருத்தர் கிடையாது. அதனாலேயே ‘உக்கார்ற வேலை’ என்ற சொல்மேல் எனக்கு ஒரு மயக்கம். ஆனால் இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் ஒரு சம்பளம் எத்தனை நாள் ஓடும்?

லைன் சூப்பர்வைசர் நல்ல மனுஷி. “ஆறு மாசம் ரெஸ்ட் எடுத்துக்க. பொங்கல் கழிச்சி ஆள் எடுப்பாங்க, உன் பேரு லிஸ்ட்ல இருக்கும். அதுக்குள்ள வேற வழி கெடச்சா சந்தோஷம். கெடைக்கலன்னா வந்து நில்லு” என்றார். “வந்து நில்லு” என்பது வாய்வார்த்தையாகச் சொன்னதுதான். என் கால் அதைக் கேட்டுக்கொண்டது.

வீட்டுக்காரரும் நானும் பேசி முடிவு செய்தோம். பொங்கல்வரைக்கும் வீட்டிலேயே சம்பாதிக்கப் பார்ப்பது. முடியாவிட்டால் வேன்.

என்னிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு மெஷின் ஓடுகிறது. ஒரு தெருவில் எத்தனை ஜாக்கெட்தான் கிழியும்? ஆக, எல்லாரும் சொல்கிற அந்த செல்லையே நம்பினேன்.

டைப்பிங் ஆளுக்குப் பிறகு வந்தது லைக் போடும் வேலை. ஏதோ ஒரு குரூப்பில் என்னைச் சேர்த்தார்கள். வீடியோவுக்கு லைக் போட்டு, போட்டதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதல் நாள் நிஜமாகவே கொஞ்சம் பணம் வந்தது. அன்று கோழிக்குழம்பு வைத்தேன். மூன்றாம் நாள், பெரிய வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். கட்டியவர்களுக்கு இரண்டு மடங்காக வந்ததென்று குரூப்பில் படம் படமாக வந்து விழுந்தது. கம்மலை அடகு வைக்கலாமா என்று யோசித்தேன். நல்ல காலம், யோசித்ததை அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் கத்தியை நிறுத்தாமல் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். “இருடி. வேல செய்யறவ நீ. கூலி குடுக்கறவன் அவன். கூலி குடுக்கறவன் எதுக்கு உன்கிட்ட காசு கேக்கறான்? மீன் வாங்க வர்றவங்ககிட்ட நான் ‘ரெண்டு மீன் குடு’ன்னு கேப்பனா?”

“எல்லாருக்கும் வந்துகினு கீதாம்கா. படம் போட்டுக்கீறாங்க.”

“அந்த எல்லாருல ஒருத்தியையாவது கண்ணால பாத்தியா நீ?”

பார்க்கவில்லை. கம்மல் இன்றைக்கும் என் காதில்தான் இருக்கிறது. காலையில் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொள்வேன். அவளிடம் சொன்னால், “அப்ப கம்மல்ல பாதி எனுது” என்பாள்.

வீடியோ போட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்ததல்ல. கம்பெனியில் என்னோடு இருந்த ஒரு தோழி, ஜாக்கெட் கையை ஏற்றினால் அக்குளில் சுருக்கம் விழுகிறது, என்ன செய்வது என்று கேட்டாள். சொல்லிப் புரியவைக்க முடியாமல், செய்து காட்டி வீடியோ எடுத்து அனுப்பினேன். “ஸ்கூல் டீச்சர் மாதிரி சொல்ற. இத சேனல் வெச்சி போடு, நாலு பேருக்கு உதவும்” என்றாள். போட்டேன்.

கேமராமேன் வீட்டுக்காரர்.

“யோவ், கட்டவெரல எடுயா. பாதி துணி மறைக்குது.”

“எடுத்தா போன் வுழுந்துடும்மே.”

முதல் நான்கு வீடியோக்களில் அவருடைய கட்டைவிரல் என்னைவிட அதிகமாக நடித்திருக்கும். ஐந்தாவதற்கு, தோட்டத்தில் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் பைப்பை அறுத்து ஒட்டி, போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டு வந்தார். அதைவிட நல்ல பரிசு அவர் எனக்குக் கல்யாணத்துக்குக்கூடக் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டு ஷீட் கூரைக்குக் கீழே சிக்னல் நிற்காது. எடுத்ததை ஏற்ற, எதிர்வீட்டு மாடிக்கு ஏறிப் போவேன். எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. துணி காயப்போட வந்தவர்கள், போனில் சுற்றும் வட்டத்தை எட்டிப் பார்த்து, “இன்னும் சுத்திகினே கீதா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அதில் பாதி என் சொந்தக்காரர்கள். வீடியோவுக்குப் பணம் வர வேண்டுமென்றால் எத்தனை ஆயிரம் பேர், எத்தனை மணி நேரம் பார்க்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டாம். அதைப் படித்துப் பார்த்தேன். அந்த வேகத்தில் போனால் என் பேரப்பிள்ளைக்குத்தான் முதல் சம்பளம் வரும் போலிருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜாக்கெட் தைக்கிறவள் வீடியோவுக்குக் கீழே போன் நம்பரைப் போட்டு வைத்தால் என்னென்ன வந்து விழும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கமெண்டில் படிக்கக்கூசும் வார்த்தைகள், போனில் படங்கள். ஒரு நாள் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. “மூடு இத. இந்தக் காசே நமக்கு வாணாம்” என்று போனைக் கட்டிலில் வீசினார். நானும் மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். அக்காதான் மறுபடியும். “மார்க்கெட்ல குந்துனா எல்லா மூஞ்சியும் வரும். இருவது வருசமா நான் பாக்காததா? அதுக்குன்னு கூடைய தூக்கிகினு வூட்டுக்கா வந்துட்டேன்? மீன் களுவுன தண்ணிய எடுத்து ஊத்துவேன். நீ இன்னா ஊத்தணும்னு நீ பாத்துக்க.”

நாங்கள் பார்த்துக்கொண்டோம். என் நம்பரை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் நம்பரைப் போட்டோம். ஆர்டர் கொடுப்பவர்களுக்கு மட்டும் என் நம்பர். தப்பான எண்ணத்தோடு கூப்பிடுகிறவனிடம் அவர் மிக மரியாதையாக, “சொல்லுங்க சார், உங்களுக்கு கை நீளம் எவ்ளோ வெக்கணும்? கழுத்து ரவுண்டா, சதுரமா?” என்று கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். பத்து நாளில் அந்தத் தொல்லை முக்கால்வாசி அடங்கியது.

ஆனால் அதே கமெண்டுகளுக்கு நடுவில், “அக்கா, நீங்க தைச்சுத் தருவீங்களா?” என்று ஒருத்தர் கேட்டார். கேளம்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருக்கிற பெண், கம்ப்யூட்டர் வேலை. அவர் என் முதல் ஆர்டர். அதிலிருந்து அவர் ஃபிளாட்டில் இரண்டு பேர், பிறகு வெளியூர். அதற்காக ஏதோ கொட்டிவிட்டது என்று நினைக்காதீர்கள். விலை கேட்பவர் இருபது பேர் என்றால், கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர் பதினெட்டுப் பேர். கூரியர் செலவு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பவர் மிச்சம் இரண்டில் ஒருத்தர்.

வெளியூர் ஆர்டரில் முதல் சிக்கல் அளவு. டேப் வைத்து எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒருத்தர் நைட்டிக்கு மேலேயே டேப்பைச் சுற்றி எடுத்து அனுப்பினார். இன்னொருத்தர் இஞ்சுக்குப் பதில் சென்டிமீட்டரில் அனுப்ப, எண்ணைப் பார்த்து நான் பயந்தே போனேன். இது சரிப்படாது, நம் ஊர் வழக்கமே மேல் என்று, “அளவு ஜாக்கெட் அனுப்புங்க” என்று போட்டுவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. நம் பெண்கள் தையல்காரர் முன்னால் நின்று டேப் பிடிக்க விடமாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு கொடுத்து, “இதே அளவு” என்பார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். அதைச் சொல்லும்போது அக்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவளுடைய அளவு ஜாக்கெட் ஒரு பச்சைப் பூப்போட்டது. கொக்கி துருப்பிடித்தது. கம்பெனி லீவு நாட்களில் அவளுக்கு நான்தான் தைப்பேன், பல வருஷமாக அதையேதான் தருகிறாள்.

“அதே அளவுதான்டி. நான் இன்னா ஏறிட்டனா, எறங்கிட்டனா?”

வாசலில் நிற்கிறவளை ஒரு பார்வை பார்ப்பேன். பச்சை ஜாக்கெட்டை மேஜையில் விரித்து, அதைவிட ஒன்றரை இஞ்சு தள்ளி வெட்டுவேன். உள்தையலில் இன்னும் ஒரு இஞ்சு துணி மடித்து விடுவேன், நாளைக்குப் பிரித்து விட. அவள் போட்டுப் பார்த்துவிட்டு, “பாத்தியா? அச்சா அதே அளவு” என்பாள். ஊரில் எந்தத் தையல்காரியைக் கேட்டாலும் இப்படி ஒரு பச்சை ஜாக்கெட் கதை இருக்கும். நாங்கள் யாரும் வெளியே சொல்வதில்லை.

கார்த்திகை பிறந்ததும் விழுப்புரத்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு அம்மா. என் வீடியோக்களைப் பார்த்து, வீட்டுப் பெண்கள் ஐந்து பேருக்கும் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார். அதில் ஒன்று அந்தம்மாவுக்கே, முகூர்த்தத்துக்குக் கட்டப்போகும் அரக்குப் பட்டுக்கு. அதுவரை எனக்கு வந்ததில் அதுதான் பெரிய ஆர்டர். இது நன்றாகப் போனால் அவர்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். பொங்கலுக்கு முழுசாக இரண்டு மாசம்கூட இல்லை. வேனா, மெஷினா என்பதை அந்தப் பார்சல்தான் தீர்மானிக்கப் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

ஐந்து அளவு ஜாக்கெட்டும் ஒரு மஞ்சப்பையில் துவைத்து மடித்து வந்திருந்தன. அந்தம்மாவுடையது ஊதா நிறம், இடுப்புப் பட்டியில் நூல் வெளுத்திருந்தது. நான் அளவெடுத்தேன். அச்சாக அதே அளவுக்கு வெட்டினேன். இன்னொரு காரியமும் செய்தேன். என் வீடியோவில் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டும்போதெல்லாம் நிறையப் பேர், உள்ளே எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுக்காகவே, உள்ளே விடும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒட்ட வெட்டி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்க ஆரம்பித்திருந்தேன். கேமராவுக்கு அழகாக இருந்தது. கம்பெனியிலும் பாராட்டினார்கள், நிற்கவைத்தார்கள். இங்கேயும் பாராட்டுத்தான் என்னைப் பிடித்தது.

பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அந்தம்மா போன் செய்தார். கல்யாணத்துக்கு ஆறு நாள்.

“நாலு பேருக்கும் சரியா இருக்கும்மா. எனக்குத்தான்... கையே முக்கி முக்கித்தான் ஏறுது. கொக்கி ரெண்டு வெரக்கட தள்ளி நிக்குது. நான் குடுத்த அளவுதானே தைச்சீங்க?”

குரலில் கோபம் இல்லை. அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னால் யாரோ ஒரு ஆம்பளை, “செல்லுல பாத்து பட்டத் தூக்கிக் குடுக்காதன்னு அப்பவே சொன்னேன்” என்று சொல்வது கேட்டது. ஊதா ஜாக்கெட் இன்னும் என் மேஜைமேல்தான் இருந்தது. புது ஜாக்கெட்டோடு சேர்த்து அதைத் திருப்பி அனுப்ப மறந்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். அந்த மாதிரிப் பட்டி வைத்துத் தைக்கும் வழக்கம் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்கு அது முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். இது விழுப்புரத்துப் பச்சை ஜாக்கெட். ஆள் மட்டும் என் வாசலில் நிற்கவில்லை.

போனைப் பொத்திக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். “நான் இன்னாக்கா சொல்றது? அளவு அவங்க குடுத்ததுதான். தப்பு என்னுது இல்ல.”

“சொல்லேன். ‘நீ பெருத்துட்ட’ன்னு சொல்லேன். கல்யாணத்துக்கு ஆறு நாள் கீறப்ப, பொண்ணப் பெத்தவகிட்ட.” அவள் என்னை முறைத்தாள். “எனக்கு நீ எப்டி தைக்கற? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறியா?”

இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பொத்தியிருந்த போனைக் காதில் வைத்துச் சொன்னேன். “தப்பு என்னுதுதாம்மா. உங்களப் பாக்காம தைச்சுட்டேன். நாளைக்கு நேர்ல வர்றேன்.” சமாதானத்துக்காகச் சொன்னதல்ல, யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை.

பிரித்து விட உள்ளே துணி இல்லை, ஒட்டுத்தான் கொடுக்க வேண்டும். நல்லவேளை, பட்டு வெட்டுத்துணியை நான் எறிவதில்லை. ஒரு பழைய தலையணை உறையில் போட்டு வைப்பேன். அதைத் தரையில் கொட்டி, அரக்குத் துண்டுகளை மட்டும் பொறுக்கினேன். கரை இல்லாத வெறும் உடல் துணி, இரண்டு நீளத் துண்டு கிடைத்தது. இரண்டு விரல் அகலம் தேறும். மறுநாள் காலை பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து ரயிலில் விழுப்புரம். உட்கார இடம் கிடைத்தது. அதற்குக்கூட அன்றைக்கு நன்றி சொன்னேன்.

வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். போனில் கேட்ட ஆம்பளைக் குரல் அந்தம்மாவின் வீட்டுக்காரருடையது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நெஜமாவே வந்துட்டீங்களா!” என்றார். அந்தம்மா என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். உருண்டையான, களைத்த, நல்ல முகம். ஊதா ஜாக்கெட்டை என் கையில் பார்த்ததும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இது பொண்ணு அஞ்சாங்கிளாஸ் படிக்கறப்ப தைச்சதும்மா. அதுக்கப்புறம் இந்த மாதிரி எனக்கு ஒண்ணும் அமையல. அதான் இதக் குடுத்தேன்.” கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். “போட்டுப் பாத்துக் குடுத்திருக்கணும். போட்டா ஏறாதுன்னு தெரியும், அதான் போட்டுப் பாக்கல.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பில் அவருக்கு இருந்த கூச்சமும் எனக்கு இருந்த பயமும் போயிற்று.

அவர்கள் வீட்டில் ஒரு பழைய மிதி மெஷின் இருந்தது. துணி போட்டு மூடி, மேலே இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தார்கள். துடைத்து எண்ணெய் விட்டு, ஜாக்கெட்டைக் கை நுனியிலிருந்து இடுப்புவரை இரண்டு பக்கமும் பிரித்தேன். அக்குளுக்குக் கீழே போகும்படி அரக்குத் துண்டைக் கொடுத்துச் சேர்த்தேன். கையைத் தூக்கி நின்றால்தான் ஒட்டுத் தெரியும், அதுவும் தெரிந்தவர்களுக்குத்தான். போட்டுப் பார்த்தார். கொக்கி கடைசிவரை விழுந்தது. கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பினார். நேரே சமையலறைக்குப் போய், சாம்பாரும் வாழைக்காய் பொரியலும் போட்டு எனக்கு இலை விரித்தார். போக வர ஆன பஸ், ரயில் செலவை வேண்டாம் என்று சொல்லியும் கையில் திணித்தார். அவர் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷன்வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். வழியில், “கல்யாண டென்ஷன்ல அவசரப்பட்டுப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

திரும்பும்போது யோசித்தேன். ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் ரயில் ஏற முடியாது. செல்லு துணியைக் கொண்டுவரும், அளவைக் கொண்டுவரும், ஆளைக் கொண்டுவராது. ஆளைப் பார்க்காமல் தைக்க நான் இயந்திரம் இல்லை. உங்கள் சுற்றளவு இப்போது எவ்வளவு என்று கேட்டால் எந்தப் பெண்ணும் நிஜம் சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். அப்போதுதான் அந்தம்மா சொன்ன அஞ்சாங்கிளாஸ் நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து ஆர்டர் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். “இந்த அளவு ஜாக்கெட் தைச்சப்போ உங்க புள்ளைங்க என்ன படிச்சிகிட்டு இருந்தாங்க?”

எவ்வளவு ஆசையாகப் பதில் சொல்கிறார்கள் தெரியுமா! “பெரியவன் யுகேஜி, சின்னவன் பொறக்கவே இல்லக்கா.” “அப்ப பொண்ணு ஒம்பதாவது, இப்ப பொத்தேரியில காலேஜ்.” பிள்ளை இல்லாதவர்களிடம் அப்போது எந்த ஊரில் குடியிருந்தீர்கள் என்று கேட்பேன். ஒருத்தர், “அது எங்க அம்மா இருந்தப்ப தைச்சது” என்று எழுதி, அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் அனுப்பினார். நான் மனசுக்குள் வருஷத்தைக் கூட்டிக்கொண்டு, துணியில் தள்ளி வெட்டுவேன். உள்ளே ஒரு இஞ்சு தாராளமாக விடுகிறேன். வீடியோவில் உள்பக்கம் இப்போது அவ்வளவு அழகாக இல்லை. ஏன் இல்லை என்று, விழுப்புரத்துக் கதையை அந்தம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஊர் சொல்லாமல் ஒரு வீடியோவில் சொன்னேன். என் வீடியோக்களில் அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். நிறையத் தையல்காரிகள் கீழே வந்து, “எங்கிட்டயும் ஒரு ஜாக்கெட் இருக்கு” என்று எழுதியிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்த வாரம் அந்தம்மா ஒரு போட்டோ அனுப்பினார், மணமக்களுக்குப் பின்னால் கையைத் தூக்கி அட்சதை போடுகிற மாதிரி. ஒட்டு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. கூடவே அவர்கள் சொந்தத்தில் மூன்று பேர் நம்பர்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் சூப்பர்வைசர் கூப்பிட்டார். “லிஸ்ட் போடறாங்க. வரியா?”

ஒரு நாள் டைம் கேட்டேன். வந்த பணம், போன பணம் எல்லாம் எனக்குத் தெரியும். சில மாசம் கம்பெனிச் சம்பளத்தைத் தொடுகிறது. சில மாசம் பாதிகூட இல்லை. கல்யாணம் இல்லாத மாசத்தில் போன் ஊமையாகிவிடும். இதைத்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார். நீலம் போகவில்லை, ஆனால் அந்தப் புடைப்பு அமுங்கியிருந்தது.

“பாதி வந்தாலும் குந்திகினு வருது இல்ல?” என்றார். “போதும் வுடு. மீதிய பாத்துக்கலாம்.”

பொங்கல் கழிந்து கம்பெனி திறந்த அன்று, பழக்கத்தில் வேன் வரும் நேரத்துக்கே விழிப்பு வந்துவிட்டது. போனில் சொல்லிவிட்டேன் என்றாலும், ஒன்பது வருஷம் கூட வந்தவர்களிடம் நேரில் சொல்லத் தோன்றியது. தெருமுனைக்குப் போனேன். அக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பி அங்கே நின்றிருந்தாள்.

“இன்னாடி, ஏறப் போறியா?”

“இல்லக்கா. சொல்லிட்டு வரத்தான்.”

“குண்டான் ரொம்பிடுச்சா?”

“அடி மறைஞ்சிருக்கு.”

“அது போதும். ரொம்பி வழிஞ்சா நீ என்கிட்ட பேச மாட்ட.”

வேன் வந்து நின்றது. நான் வாயைத் திறக்கும் முன்னே ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது, பிளாஸ்டிக் கவரோடு. உள்ளே துணி, கூட ஒரு மடித்த பழைய ஜாக்கெட். அதற்குப் பின்னால் இன்னொரு கை, இன்னொன்று. சூப்பர்வைசர்தான் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், இவள் இனி வரமாட்டாள், தைக்கக் கொடுக்கிறவர்கள் எடுத்துவாருங்கள் என்று. டிரைவர் ஹாரன் அடித்தார். “சீக்கிரம்மா, லேட்டாவுது.”

“வர்ற சனிக்கெழமைக்குள்ள வேணும்.”

“கழுத்து மட்டும் எறக்கி வெய்யி. மத்தபடி அதே அளவு.”

“எனக்கும் அதே அளவுதான்.”

இரண்டு கையிலும் கவர்களை வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு ஒருத்தராக அவர்களை ஒரு முறை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.